ஜன்னலுக்குச் சணல் வேண்டாம், காடா துணி போதும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “இரண்டாவது மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். ஹால் ஜன்னல் ரோட்டைப் பார்த்தது, 4 அடி அகலம், நாலரை அடி உயரம். கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் பாராமல் போகும். பழைய பாலியஸ்டர் ஸ்கிரீன்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுற்றுச்சூழலைக் கெடுக்காத இயற்கைத் துணியாகவே வீடு முழுக்கப் போட ஆசை. ஆன்லைனில் சணல் ஸ்கிரீன், மூங்கில் பெட்ஷீட், லினன் சோபா கவர் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. மாமியாருக்கு வீசிங் உண்டு, மூன்று வயதில் பையன் இருக்கிறான். போர் தண்ணீர் உப்பு. ‘இதெல்லாம் நம்ம ஊர் தூசிக்கு நிற்காது’ என்கிறார் மாமியார். மாமனார் பின்னி மில்லில் வேலை பார்த்தவர் என்பதால் துணி விஷயத்தில் வீட்டில் மாமியாரின் வார்த்தைக்கு மதிப்பு. என்ன வாங்கலாம்?”

வணக்கம் சகோதரி.

மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கும் மூன்றுக்கும் அவர் சொன்னது ஏறக்குறைய பொருந்தும். ஆனால் எல்லா இயற்கைத் துணிக்கும் பொருந்தாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டுக்கு வேலை செய்யப் போனாலும் நான் பார்ப்பது ஒரே கதைதான். ரோட்டுப் புகை ஜன்னல் கம்பியில் கறுப்பாகப் படிகிறது, கடல்காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே வருகிறது, போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. நெட்டில் பார்க்கிற அழகான வீட்டுப் படங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊரில் எடுத்தவை இல்லை. அதனால் ஒரு துணி இயற்கையா, அழகா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நம்ம வீட்டில், நம்ம தண்ணீரில், மாதம் இரண்டு தடவை துவைத்து ஒரே நாளில் காயவைக்க முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு இயற்கையான துணியாக இருந்தாலும் ஒரு வருடத்தில் குப்பைக்குத்தான் போகும். அப்படிப் போகிற துணிக்காகப் பருத்திக் காட்டில் பாய்ச்சிய தண்ணீரும் நெசவாளியின் உழைப்பும் சேர்ந்தே வீண்.

முதலில், இருக்கிற பாலியஸ்டர் ஸ்கிரீன்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவை கெடுக்க வேண்டியதில் பெரும்பகுதியை உற்பத்தியாகும்போதே கெடுத்துவிட்டன. இப்போது வீசினால் கொடுங்கையூர் குப்பைமேட்டில் போய் அப்படியே கிடக்கும், மக்காது. துவைக்கும்போது உதிர்கிற மெல்லிய பிளாஸ்டிக் இழைதான் அந்தத் துணியால் இனிமேல் வரும் கெடுதல், சாக்கடை வழியாக அது கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. ஆகவே அடிக்கடி துவைக்கத் தேவையில்லாத வேலைக்கு மாற்றிவிடுங்கள். பரண் மேல் சாமான்களை மூட, ஸ்கூட்டருக்கு உறையாக, தண்ணீர் மோட்டார் பெட்டிக்கு மறைப்பாக என்று அதற்கு இன்னும் வருடக்கணக்கில் வேலை இருக்கிறது.

அடுத்து சணல். நல்ல நார்தான், வங்காளத்தில் பெரும்பாலும் மழைத் தண்ணீரிலேயே விளைகிறது, மருந்தும் அதிகம் கேட்காது, மண்ணில் போட்டால் மக்கிவிடும். ஆனால் அதை உங்கள் ரோட்டோர ஜன்னலில் தொங்கவிட நான் சம்மதிக்கமாட்டேன். நார் காற்றிலிருந்து எவ்வளவு ஈரம் இழுக்கும் என்பதற்கு ஜவுளித் துறையில் ஒரு கணக்கு உண்டு. காய்ந்த சணல் 100 கிராம் எடுத்தால் 13, 14 கிராம் ஈரத்தைக் காற்றிலிருந்தே குடித்துக்கொள்ளும். பருத்தி 8 கிராமைச் சுற்றி. பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. இது ஆய்வுக்கூடத்தின் மிதமான காற்றில் எடுக்கிற கணக்கு, நம் கடலோரத்தில் நவம்பர் மாதக் காற்று அதைவிட எவ்வளவோ ஈரம். ஈரம் குடித்த சணல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், நனைந்தால் வலுவும் குறையும், துவைக்கத் துவைக்க நார் உதிரும். வெயில் பட்டால் அதிலிருக்கும் லிக்னின் என்ற பொருளால் மஞ்சளடித்துப் பழுப்பாகும். இதற்கெல்லாம் மேலே, நூற்பதற்கு முன்னால் சணலை மென்மையாக்க எண்ணெய் தெளிப்பார்கள். பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய். புதுச் சணல் பையை முகர்ந்து பார்த்தால் லேசாகக் கெரசின் வாடை வருகிறதே, அது இதுதான். வீசிங் இருக்கிறவர் உட்கார்ந்திருக்கும் அறையில், காற்று வரும் வழியிலேயே இதைத் தொங்கவிடுவது சரியில்லை. சணல் ஆசை இருந்தால் செய்தித்தாள் போட்டுவைக்கிற பை, ஹாலின் உள் சுவரில் ஒரு தொங்கல், அந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூங்கில் பெட்ஷீட் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், விற்கிற விதம் அப்படி. கடையில் “மூங்கில் துணி” என்று விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் போட்டுக் கரைத்து, திரும்ப இழையாக இழுக்கிறார்கள். கார்பன் டைசல்பைடு அந்த ஆலையில் வேலை செய்கிறவர்களின் நரம்பைப் பாதிக்கக்கூடிய ரசாயனம். கடைசியில் கையில் வருகிற இழையில் மூங்கிலின் குணம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மெத்தென்று இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும், பருத்தி நனைந்தால் வலுக்கூடும். பெட்ஷீட்டை வாரம் ஒருமுறை ஊறவைத்து அடித்துத் துவைக்கிற வீட்டுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும் முடிவெடுக்க.

லினன் உண்மையிலேயே அருமையான துணி, வெயிலுக்குக் குளிர்ச்சி, நாள்பட உழைக்கும். ஆனால் அந்த நாருக்கான ஆளிச்செடி முக்கியமாக பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் விளைகிறது, இங்கே வருவது இறக்குமதி. உங்கள் கையிலிருக்கும் பணத்தில் சோபாவுக்கே பாதி போய்விடும். இப்போதைக்கு வேண்டாம்.

சரி, அப்படியென்றால் என்னதான் போடுவது? பருத்திதான். அதிலும் ஜன்னலுக்கு வெளுக்காத, சாயம் போடாத காடா துணி. பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், ஏதோ மூட்டை கட்டுகிற துணி என்று. நல்ல நெருக்கமான நெசவாகப் பார்த்து எடுத்து நாலு தடவை துவைத்தபின் பாருங்கள். அந்தப் பழுப்பு நிறம் மெல்ல வெளிறி, மோர் நிறத்துக்கு வந்து நிற்கும். கஞ்சி போய்த் துணி இளகி, மடிப்பு மடிப்பாக அழகாக விழும். பஞ்சின் விதைத் துணுக்குகள் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரியும். எனக்கு அது பிடிக்கும், உங்களுக்கும் பழகினால் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிளீச் இல்லை, சாயம் இல்லை, ஆகவே சாயக் கழிவும் இல்லை, விலையும் மற்றதைவிடக் குறைவு.

அளவு சொல்கிறேன், இதில்தான் நிறைய பேர் கடையில் தடுமாறுகிறார்கள். ஜன்னல் 4 அடி அகலம் என்றால் துணி அதைப்போல இரண்டு மடங்கு, 8 அடி வேண்டும், அப்போதுதான் மூடும்போது தட்டையாக நிற்காமல் மடிப்போடு இருக்கும். 48 அங்குலப் பன்னா, அதாவது அகலம் உள்ள துணியில் இரண்டு துண்டு சரியாக வரும். உயரம் 54 அங்குலம், ஜன்னலுக்குக் கீழே 6 அங்குலம் இறங்கட்டும், மேலும் கீழும் மடித்துத் தைக்க 12 அங்குலம், மொத்தம் 72 அங்குலம், அதாவது 6 அடி. இரண்டு துண்டுக்கு 12 அடி, கிட்டத்தட்ட 3.66 மீட்டர். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு நாலைந்து சுருங்கும் என்று வைத்து ஒரு ஜோடிக்கு 4 மீட்டராக வாங்குங்கள். வாங்கிவந்த துணியை நேரே டெய்லரிடம் கொடுக்காமல் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்துவிட்டு அப்புறம் கொடுங்கள். தைத்தபின் சுருங்கினால் ஸ்கிரீன் ஜன்னலுக்கு மேலே ஏறி நிற்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. ரோட்டோர ஜன்னலுக்கு மட்டும் இரண்டு ஜோடி தைத்துக்கொள்ளுங்கள், ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று மாட்ட.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் பக்கத்தில் பெரிய விஷயம். மேலே வட்ட வட்டமாக இரும்பு ரிங் அடித்துத் தருவார்கள், வேண்டாம். கடல்காற்றில் சீக்கிரமே துரு பிடிக்கும், அந்தத் துருக்கறை பருத்தியில் இறங்கினால் சுலபத்தில் போகாது. அதே துணியில் நாடா தைத்துக் கம்பியில் கோத்துவிடச் சொல்லுங்கள். துவைக்கவும் சுலபம்.

பையனின் அறையில் நிறம் வேண்டும் என்றால் வீட்டிலேயே இருக்கும் பழைய பருத்திச் சேலையைப் பாருங்கள். சேலை ஐந்தரை மீட்டர், அகலம் 46, 48 அங்குலம். மேலே சொன்ன அளவில் ஒரு சேலையில் மூன்று துண்டு வரும், ஒரு ஜன்னல் முடிந்து ஒன்று மிஞ்சும். வெட்டுவதற்கு முன்னால் சேலையை இரண்டு கையாலும் பிடித்து அகலவாக்கில் வலுவாக இழுத்துப் பாருங்கள். இழை விலகி ஓட்டை தெரிந்தால் அது ஸ்கிரீனுக்கு ஆகாது, கிழித்துப் பின்னிக் கால்மிதி பண்ணுங்கள். தாங்கினால் பின்பக்கம் காடா துணியில் லைனிங் கொடுத்துவிடுங்கள், வெயிலை லைனிங் வாங்கிக்கொள்ளும், சேலையின் நிறம் தப்பும். பட்டுச் சேலையில் மட்டும் ஜன்னல் ஸ்கிரீன் தைக்காதீர்கள், பட்டுக்கு வெயில் ஆகவே ஆகாது, இழை இற்றுப்போகும். வெயில் படாத மூலையில் குஷன் உறையாக இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பெரம்பூரில் பின்னி மில் 1996-ல் மூடினாலும், அந்த மில் துணியைத் தொட்டுப் பழகிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன, நெசவு நெருக்கமா தளர்வா என்பதைத் தடவியே சொல்லிவிடுவார்கள். நெருக்கமில்லாத துணியில் கடைக்காரர்கள் கஞ்சியை ஏற்றி விறைப்பாகக் காட்டுவது உண்டு. துணியை இரண்டு விரலால் நன்றாகக் கசக்கினால் வெள்ளைப் பொடி உதிரும், அப்போது புரிந்துவிடும்.

“பியூர் காட்டன்” என்று எழுதியிருந்தாலும் துண்டு வாங்கிவந்து வீட்டில் சோதித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து நாலு இழை, குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து நாலு இழை தனித்தனியாக உருவுங்கள். ஒரு பக்கம் பருத்தியும் மறுபக்கம் பாலியஸ்டரும் ஓடுகிற துணிகள் நிறைய உண்டு, அதனால்தான் தனித்தனியாக. ஒரு தட்டுக்கு மேலே பிடித்துப் பற்றவையுங்கள், பையனைப் பக்கத்தில் விடாமல். பருத்தி சட்டென்று பிடித்து, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலைத் தரும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டு சுருங்கும், உருகிக் கறுப்புப் புகை விட்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலுக்கு நடுவே அந்தக் கெட்டித் துணுக்குகள் அகப்படும். விஸ்கோஸ் மட்டும் இந்தச் சோதனையில் பருத்தி மாதிரியே நடித்துத் தப்பிவிடும். அதைப் பிடிக்க ஒரு இழையின் நடுப்பகுதியை மட்டும் ஈரமாக்கி இரண்டு முனையையும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே சுலபமாக அறுந்தால் விஸ்கோஸ் என்று சந்தேகப்படலாம். பருத்தி அங்கே அறுகாது.

பெட்ஷீட்டுக்கு எங்கேயும் தேடி அலைய வேண்டாம். சென்னிமலை, கரூர் இரண்டு பெயரும் போதும். கரூரிலிருந்து வீட்டுத் துணிகள் வெளிநாட்டுக்கே போகின்றன, சென்னிமலைக் கைத்தறிப் பெட்ஷீட் கனமாக இருந்தாலும் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பதும் நடக்கிறது. ஜமக்காளம் போன்ற சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்தும் இதுதான் நிலைமை. 2006-ல் அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது 1935 முதல் நடக்கிற கோ-ஆப்டெக்ஸில் வாங்குங்கள், கூட்டுறவுச் சங்க நெசவாளிகளின் துணி அது. “சுருக்கமே விழாது, அயர்ன் தேவையில்லை” என்று போட்ட பருத்திப் பெட்ஷீட்டை மட்டும் எடுக்காதீர்கள். அந்தக் குணம் வர ஒருவகைப் பிசினை ஏற்றுவார்கள், பலவற்றிலிருந்து பார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கசங்கினால் கசங்கட்டும், பருத்தி கசங்கத்தான் செய்யும்.

மாமியாரின் படுக்கை பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வீசிங் உள்ள பலருக்குத் தொல்லை தருவது படுக்கையில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. சுமார் 55, 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் அது சாகும். தடிமனான பருத்திப் பெட்ஷீட்டும் தலையணை உறையும் அந்தச் சூட்டை வாரா வாரம் தாங்கும். அடர்ந்த சாயம் தாங்காது, ஆகவே அவருக்கு வெள்ளை அல்லது இளநிறம் வாங்குங்கள். அவர் அறையில் ஸ்கிரீன் ஒரே அடுக்காக, மெல்லியதாக இருக்கட்டும். தரைவரை இறங்குகிற, இரண்டடுக்கு ஸ்கிரீன் தூசியைச் சேர்த்துவைக்கும். கம்பளம் வேண்டவே வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தை அருமையானதுதான், போடிப் பக்கத்துப் பஞ்சு, உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்காது. ஆனால் துவைக்க முடியாது, வெயிலில் போட்டுத்தான் எடுக்க வேண்டும், பழசானால் பஞ்சுத்தூள் வரும். அவருக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை அவரைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அது என் வேலைக்கு அப்பாற்பட்டது. ஏற்கெனவே இருக்கும் மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடிக்கிற வேலை இருந்தால் அவர் வீட்டில் இல்லாத நாளில், மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோபாவுக்கு லினனுக்குப் பதில் கரூர்ப் பக்கத்துத் தடித்த பருத்தியில், கழற்றி மாட்டுகிற மாதிரி உறை தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனின் வயதுக்கு அதில் பாலும் குழம்பும் ஊற்றத்தான் செய்வான், நிரந்தரமாக ஆணியடித்து ஒட்டிய துணி என்றால் அழுகைதான். தரைக்கு பவானி ஜமக்காளம். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வாங்கும்போது பளபளக்கிற ரகம் செயற்கைப் பட்டு இழை கலந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டியது முழுப் பருத்தியில் நெய்த தடித்த ரகம். படுத்து விளையாடப் பாய் வேண்டும் என்றால் கோரைப்பாய், வந்தவாசிப் பாய் நம் ஊரில் சுலபமாகவே கிடைக்கும், பத்தமடைப் பாய் என்றால் இன்னும் மென்மை, விலையும் அதற்கேற்ப. எதுவானாலும் பிளாஸ்டிக் பாயை இதே மாதிரி டிசைனில் நெய்து பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள், ஓரத்தை முகர்ந்து பாருங்கள், கோரைக்குப் புல் வாசனை உண்டு. மழைக்காலத்தில் பாயைத் தரையிலேயே போட்டுவைக்காமல் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள். வாசலுக்குத் தேங்காய்நார் மிதியடி. சணல் தோற்கிற இடத்தில் இது ஜெயிக்கும். முன்பெல்லாம் உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறவைத்தே எடுத்த நார் அது, ஈரத்துக்கும் உப்புக்கும் பயப்படாது. அடியில் பிளாஸ்டிக் ஒட்டாததாகப் பார்த்து வாங்குங்கள்.

சாயம் பற்றியும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் துணியில் சுற்றுச்சூழலை அதிகம் கெடுப்பதில் அதுவும் ஒன்று. நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் திருப்பூர்ச் சாயக்கழிவு என்ன செய்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. புற்றுநோய் அபாயம் உள்ள சில அசோ சாயங்களை இந்தியா 1997-லேயே தடை செய்துவிட்டது, ஆகவே “அசோ இல்லாதது” என்று எழுதியிருப்பதைப் பெரிய சலுகையாக எண்ணிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஆர்கானிக் பருத்தி என்று சொன்னால் காட்ஸ் (GOTS) என்ற உலகளாவிய ஆர்கானிக் துணித் தரச்சான்றின் முத்திரையும் உரிம எண்ணும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரைக்குக் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும், “ஆர்கானிக்” என்றே லேபிளில் போட்டுக்கொள்ள 95 சதவீதம் வேண்டும். முத்திரை இல்லாமல் வெறும் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை.

இயற்கைச் சாயத்தில் அவுரி நீலம் எனக்கு உயிர். கடுக்காயும் படிகாரமும் போட்டு ஏற்றிய சிவப்பும், கடுக்காயோடு இரும்பு சேர்த்து ஏற்றிய கறுப்பும் அழகு. ஆனால் மஞ்சள் சாயம் போட்ட துணியைச் சாதாரண சோப்புத் தண்ணீரில் நனைத்தால் சிவந்துவிடும், வெயிலில் போட்டால் சீக்கிரம் வெளிறிவிடும். அப்படிப்பட்ட துணியை இரண்டு குஷன் உறைக்கு மட்டும், ஜன்னலுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சாயத்துணியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அது வேலை செய்யாது. ஒட்டாத சாயம் வெளியேறும்வரை முதல் மூன்று நாலு தடவை தனியாக அலசுவதுதான் வழி.

துவைப்பதற்கு வருவோம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரில் பார் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் ஒரு பிசுக்கு உண்டாகி இழைக்குள் உட்கார்ந்துகொள்ளும். காடா துணி சாம்பல் நிறமாகி விறைத்துப்போவது இதனால்தான், துணியின் குற்றம் இல்லை. டிடர்ஜென்ட் பவுடரைக் குறைவாகப் போடுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் மெட்ரோ வாட்டர் ஒதுக்கிவிடுங்கள், அதுவே பெரிய வித்தியாசம் காட்டும். துவைப்பதற்கு முன்னால் ஸ்கிரீனை மொட்டைமாடியில் வைத்து உதறுங்கள், கரிப்புகையோடு அப்படியே ஊறவைத்தால் கறுப்பு உள்ளே இறங்கும். சாயத் துணியை உள்பக்கம் வெளியே தெரிய நிழலில், காடா துணியை நல்ல வெயிலில் காயவையுங்கள். புரட்டாசி முடிந்ததிலிருந்து தைவரை எதற்கும் கஞ்சி போடாதீர்கள், கஞ்சி ஈரத்தில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் சாப்பாடு.

வாங்குவதற்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்திலேயே இருக்கிறது, காடா துணியை மொத்தமாகக் கேட்டால் கோடவுன் தெருவில் விலை இறங்கும், நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. நீங்கள் இருக்கிற இடமே பருத்தியால் உண்டான ஊர் என்பதையும் சொல்ல ஆசை. திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை, ஜோசப் காலெட் சென்னை கவர்னராக இருந்த 1717-20 காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உருவானது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. நம் ஊர்த் தூசிக்குப் பருத்தி நிற்காது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

15,000 ரூபாயை ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். முதலில் மாமியார் அறை: அவருடைய பெட்ஷீட் இரண்டு, தலையணை உறைகள், மெல்லிய ஸ்கிரீன். அடுத்து ஹாலின் ரோட்டோர ஜன்னலுக்கு அந்த இரண்டு ஜோடி காடா. பையனின் அறைக்குச் சேலை இருக்கிறது, தையல்கூலி மட்டும்தான். சோபா உறையையும் ஜமக்காளத்தையும் தீபாவளித் தள்ளுபடிக்கோ, ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளையொட்டி நடக்கிற கண்காட்சிகளுக்கோ தள்ளிப்போடுங்கள். அதுவரை ஹால் ஸ்கிரீன் எத்தனை நாளில் கறுக்கிறது, எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்று கவனித்து வையுங்கள். சோபாவுக்கு எவ்வளவு தடிமனில், எந்த நிறத்தில் எடுக்கலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அப்போது ஒரு துண்டுத் துணியோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.